வறுவல் நாற்காலி

சக்கரம் உடைந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் ஸ்டோர்கீப்பர் 'சைலன்சரு'க்கு உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது. லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் மொத்தக் கூட்டமும் சுற்றி நின்றது. இனி தப்பிக்க வழியில்லை.

ஓய்வு பெறுகிறவரை நடுவில் உட்காரவைத்து வறுத்தெடுப்பது அங்கே வழக்கம். இளவட்டங்கள் அதை 'ரோஸ்ட்' என்பார்கள். போன வருஷம் டிரைவரை வறுத்ததில், சிரித்துச் சிரித்து மனுஷனுக்குப் பல்செட்டே கழன்று விழுந்தது.

ஆனால் அந்தப் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது. பிடிக்காத ஆள் என்றால் "ரொம்ப நல்ல மனுஷன்" என்று நாலு வார்த்தை, ஒரு துண்டு கேக், போய் வாருங்கள். சிடுமூஞ்சி சூப்பர்வைசருக்கு அப்படித்தான் நடந்தது.

சைலன்சரின் பயமெல்லாம் அதுதான். ஸ்டோர் ரூமில் போல்ட்டு, நட்டுகளோடு காலம் தள்ளியவர். அதிர்ந்து பேசாததால்தான் அந்தப் பட்டப்பெயரே. தன்னைக் கேலி செய்ய இவர்களிடம் என்ன இருக்கப்போகிறது?

அதற்காகவே ஒரு மாதமாகப் படாதபாடு பட்டார். சட்டையைப் புரட்டி மாட்டிக்கொண்டு வந்தார். காலுக்கொரு நிறத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு ஆபீஸ் முழுக்க நடந்தார். லிஃப்ட்டுக்குள் அபஸ்வரமாகப் பாடினார். ஒருத்தராவது சிரிக்க வேண்டுமே! ரிசப்ஷன் பெண் மட்டும் இருமிக்கொண்டே பாத்ரூமுக்கு ஓடினாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் மேனேஜர்.

ஃபோர்மேன் தொண்டையைச் செருமினான். கம்பெனியிலேயே பொல்லாத வாய் அவனுக்குத்தான். சைலன்சர் ஆசையாக நிமிர்ந்தார்.

"சாரைப் பத்திச் சொல்லணும்னா... ரொம்ப நல்ல மனுஷன்."

எப்போதும் 'அண்ணே' என்பவன் இன்று 'சார்' என்கிறான்!

"சத்தமே வராது. லிஃப்ட்ல கூட வந்தாக்கூட ஆள் இருக்கிறதே தெரியாது," என்றான் எலக்ட்ரீஷியன், தரையைப் பார்த்தபடி.

"டிரெஸ்ஸெல்லாம் அவ்வளவு நீட்டா போடுவாரு," என்றாள் ரிசப்ஷன் பெண், சுவரைப் பார்த்தபடி.

கேக் வந்துவிட்டது. அடப்பாவிகளா, இத்தனை வருஷம் கூடவே இருந்தும் நான் உங்களுக்கு யாரோதானா? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தியை எடுக்கக் கை வரவில்லை.

"ஏம்ப்பா," என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். "நான் காலுக்கொரு செருப்புப் போட்டுட்டு வந்ததைக்கூடவா யாரும் பாக்கல?"

ஒரு நொடி எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. ரிசப்ஷன் பெண் மேஜைமேல் கவிழ்ந்தேவிட்டாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

சைலன்சர் ஒன்றும் புரியாமல் விழித்தார். ஃபோர்மேன் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான்.

"வறுபடணும்னு ஒரு மாசமா அலைஞ்ச ஆளை வேற எப்படிண்ணே வறுக்கிறது?"