பில் இருக்கு

டிவிக்குப் பின்னால் வயரைச் செருகிவிட்டு மெக்கானிக் நிமிர்ந்தான். திரை கன்னங்கரேலென்று இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: 'இந்த டிவியில் படம் காட்ட அனுமதி இல்லை.'

ரிட்டயர்டு அதிகாரியின் முகம் சுருங்கியது. சோபாவில் சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புது டிஸ்க் பிளேயரைப் பற்றி ஒரு வாரமாக அவர்களிடம் அளந்து தள்ளியிருந்தார்.

"என்னப்பா இது?"

"யாரும் காப்பி எடுக்கக் கூடாதுன்னு டிஸ்க்குல பூட்டுப் போட்டிருக்காங்க சார். பிளேயர் கேட்கிற கேள்விக்கு டிவி சரியா பதில் சொல்லணும். சொல்லலேன்னா, திருட்டுத்தனமா பதிவு பண்றீங்கன்னு முடிவு கட்டிடும்."

"திருட்டா? கடையில வாங்கின டிஸ்க்குய்யா! பில் இருக்கு!"

"பிளேயர் பில்லெல்லாம் பார்க்காது சார்."

சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிகாரியின் காது சிவந்துபோனது.

"வேற வழியே இல்லையா?"

"புது டிவிதான் வாங்கணும் சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

தெருவில் இறங்கிய பிறகுதான் சிரித்தான். அந்த டிவியின் பின்னால் இருந்த இரண்டு சாக்கெட்டில், பிளேயரின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தது முதலாவதுக்கு மட்டும்தான். அவன் வேண்டுமென்றே இரண்டாவதில் செருகியிருந்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய டிஸ்க் கடைக்குச் சீல் வைத்து, தெருவே வேடிக்கை பார்க்க, 'திருட்டுப் பயலே' என்று அவனை ஜீப்பில் ஏற்றியவர் இதே அதிகாரிதான். அவருக்கு இவன் முகம்கூட ஞாபகம் இல்லை.

அன்றைக்கு அவனும் கை நிறைய பில்லை நீட்டிக்கொண்டுதான் நின்றான்.

அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை.