ஐஸ் வைக்காதீங்கண்ணே!

ஜூஸ் கடையின் ஐஸ் மெஷினுக்கு மருந்து ஊற்றி, பாசியைச் சுரண்டிக் கழுவி முடிப்பதற்குள் மெக்கானிக்குக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

“முதல்ல விழற ஐஸை அப்படியே கொட்டிடுங்கண்ணே. மருந்து வாடை இருக்கும். மனுஷன் வாயில வைக்கக்கூடாது.”

“அத்தனை ஐஸையுமா?” கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

மெக்கானிக் தரையைத் துடைத்துப் பையைக் கட்டியபோது, எதிரே பெரிய டம்ளர் நிறைய ஜூஸுடன் கடைக்காரர் நின்றார்.

“குடிங்க தம்பி. உங்க கைராசி வேற யாருக்கு வரும்?”

“ஐஸ் வைக்காதீங்கண்ணே!” வாயெல்லாம் பல்லாக வாங்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார் மெக்கானிக். “ஆமா, அந்த ஐஸைக் கொட்டியாச்சா?”

“கொட்ட மனசு வரல தம்பி. வர்றவங்களுக்குப் போட்டுக் குடுக்கவும் பயமா இருந்துச்சு.”

கடைக்காரர் காலி டம்ளரை எட்டிப் பார்த்தார்.

“வாடை ஏதாச்சும் தெரிஞ்சுதா?”