பெட்டி கற்ற பேச்சு

அவர்கள் ஊர்க் கைமொழி தெரிந்தவர்களில் மிஞ்சியது காது கேளாத இரண்டே பேர்: செவந்தியும் அவள் ஓரகத்தி பொம்மக்காவும். ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்புப் பெட்டிக்கு அதைக் கற்பிக்க, ஆய்வாளர் இருவரையும் கேமராமுன் உட்காரவைத்து, பேசச் சொல்லி ஜாடை காட்டினார்.

மாமனார் விட்டுப்போன ஒரு கிடாயால் இருவருக்குள்ளும் எட்டு வருடமாகப் பேச்சில்லை. பொம்மக்கா கண்ணை மூடிக்கொண்டாள். செவந்தி கிள்ளித் திறக்கவைத்தாள்.

"உன் கை முறிய!"

"உன் கண்ணு அவிய!"

நாற்பது நிமிடம் கைகள் ஓயவில்லை. ஆய்வாளர் சந்தோஷமாகக் கிளம்பினார்.

ஆடியில் செவந்திக்கு நெஞ்சு வலித்தது. புது டாக்டரிடம் கையால் சொன்னாள்.

"உன் நெஞ்சு வெடிக்க!" என்றது பெட்டி.

டாக்டர் முகம் சுண்டியதுதான் அவளுக்குத் தெரிந்தது. கையை இன்னும் வேகமாக அசைத்தாள். பெட்டி குரலை உயர்த்தியது.

நர்ஸ் ஈசிஜி வயர்களோடு வந்தாள். "கோவிச்சுக்காதீங்க டாக்டர். போன மாசம் இவங்க ஓரகத்தியும் இப்படித்தான். எந்த உறுப்புன்னு மட்டும் காதுல வாங்கிக்கணும்."