இருமலுக்கு மைக் அணையவில்லை

நிரூபிக்க முடியாத வாக்கியம் காதில் விழுந்தால் பிரசார மைக் தானாக அணைந்துவிடும். பொதுவாக்கெடுப்புச் சட்டம் அப்படி. அனல்மின் நிலையத்தை மூடச் சொல்லித் தெருத்தெருவாகப் பேசிய அமலோற்பவம், அதற்குப் பயந்து எண்களை மட்டுமே சொல்லிவந்தாள். "நம்ம காத்துல சாம்பல், இருக்கலாம்னு சட்டம் சொல்ற அளவைவிட நாலு மடங்கு." உண்மைதான். கூட்டம் கொட்டாவி விட்டது.

கடைசிக் கூட்டத்தில் பொறுமை போய், "இந்தப் புகை என் புருசனைத் தின்னுது!" என்று கத்தினாள். மைக் அணைந்தது. நிலையத்தின் ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

"சிரிங்கடா" என்றவள், மைக்கை மறுபடி போட்டு, "நாலு மடங்கு" என்றாள். பிறகு அதைக் கணவன் சவரிமுத்துவின் வாயருகே பிடித்தாள். அவன் இருமினான். மைக் அணையவில்லை. அதுவரை இருமலை அடக்கி உட்கார்ந்திருந்த ஒருத்தி இருமினாள். பிறகு தெருவே இருமியது.

வாக்கெடுப்பில் நிலையம் தோற்றது. மேளச் சத்தத்துக்கு நடுவே சவரிமுத்து கேட்டான்: "என் இருமல்தானடி ஜெயிச்சுது? அப்புறம் எதுக்கு அந்த நாலு மடங்கு?"

"அது இல்லாம நீ இருமியிருந்தா, பீடி இருமல்னு சொல்லியிருப்பானுங்க, போய்யா!"