கேட்கும் தூரம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நௌபரின் இலத்திரனியல் கடைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. கண்ணாடி மேசையில் நகமளவு பச்சைத் தகடுகள் இரண்டு மின்னுகின்றன. அவற்றையே பார்த்தபடி சனூஸா நிற்கிறாள். கரையைக் கூப்பிடவென்று கணவனின் வள்ளத்தில் அவளே பொருத்திய சின்ன வயர்லெஸ் சிப்பின் சிக்னல், துறைமுகம் தாண்டியதும் அறுந்துபோனது. போன மாரியில் புறப்பட்ட அந்த வள்ளம் திரும்பவே இல்லை. இப்போது தம்பி கடலுக்குப் போகிறான். அவனுடைய வள்ளத்திலும் அதே சிப்தான். அதன் தூரத்தைக் கூட்ட ஒரு தகடு வேண்டும்.

நௌபர் முதல் தகட்டைத் தொட்டுக் காட்டுகிறார். "இதை வள்ளத்தில பூட்டினா சிக்னல் பலமாப் போகும், ஆனா பற்றரி கெதியா முடிஞ்சிரும். மற்றது கரையில வைக்கிறது. மெல்லிசா வாறதையும் பிடிக்கும். எது வேணும் தங்கச்சி?"

வெளியே ஒரு வள்ளத்தின் எஞ்சின் இருமி அடங்குகிறது. அவள் விரல் இரண்டாவது தகட்டின் மேல் நிற்கிறது.

"நௌபர் நானா, இது அண்டைக்குக் கரையில இருந்திருந்தா, அவர் கூப்பிட்டது கேட்டிருக்குமா?"

நௌபர் துடைத்த மேசைக் கண்ணாடியையே மறுபடி துடைக்கிறார். "சொல்ல ஏலாது தங்கச்சி."

"இதையே தாங்க. தம்பி மெதுவாக் கூப்பிட்டாலும் எனக்குக் கேக்கணும்."

பொதி செய்ய அவர் கை நீட்டுகிறார். அவள் கொடுக்காமல் தகட்டை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறாள்.