இளஞ்சிவப்புத் தண்ணீர்

அன்ரிஃபிறீஸ் போத்தலை ஆர்வி என்கிற வீட்டு வண்டியின் சமையல் மேடையில் ஓங்கி வைத்தேன்.

என் மனுசன் வலன்ரைன் படுக்கையை விட்டு எழும்பவில்லை. செபமாலையும் கையுமாக என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

தன் புருசனை விட்டுவிட்டு மகள் றொஷினி வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று, அவள் இருக்கிற வீட்டில் தான் இருக்கமாட்டேன் என்று தலையணையோடு வெளியேறிய மனுசன். லவாலில் தம்பி வீட்டுக்காவது போனாரா? இல்லை. எங்கள் வீட்டு முன் டிரைவ்வேயில் நிற்கும் இந்த வண்டிக்குள் குடியேறிவிட்டார். கோடை முழுக்கத் தெருவே வேடிக்கை பார்த்தது.

அங்கே மகளின் அழுகை, இங்கே தகப்பனின் வீம்பு. நடுவில் நான், சாப்பாட்டுத் தட்டோடு படி ஏறி இறங்கி முழங்கால் போனதுதான் மிச்சம். விடிந்தால் குளியலறை வாளியைக்கூடக் காணோம். தேடப் பொறுமையில்லை.

இன்றைக்கு முடிவு கட்டவேண்டும். பனி வரப்போகிறது. வண்டித் தண்ணீரை வடித்துவிட்டு இந்தப் போத்தலின் இளஞ்சிவப்புத் திரவத்தை ஏற்றிவிட்டால் குளிரில் குழாய் வெடிக்காது. மனுசனுக்கு முகம் கழுவ ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. பிறகு வீட்டுக்குள் வந்துதானே ஆகவேண்டும்? மகளின் முகத்தில் முழித்துத்தானே ஆகவேண்டும்?

வருடாவருடம் அவர் செய்வதைப் பார்த்தவள் நான். மிச்சத் தண்ணீரை வடிக்க பம்பைப் போட்டுக் குழாயைத் திறந்தேன்.

இளஞ்சிவப்பாக வந்தது.

என் போத்தலின் மூடியை நான் இன்னும் திறக்கவேயில்லை.

"அது நான் போன மாதமே ஏத்திட்டன்," என்றார்.

ஒரு மாதமாகத் தண்ணீர் இல்லையா? ஆனால் மனுசன் சவரம் செய்து, சோப் மணக்க மணக்க இருந்தார்.

அப்போதுதான் கண்டேன். கதவோரம் எங்கள் குளியலறை வாளி. கை வைத்தேன், இன்னும் சுட்டது. மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஒன்று றொஷினியுடையது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தகப்பனும் மகளும் தினமும் தேநீர் குடிக்கிறார்கள், நான் மட்டும் நடுவில் நின்று சாகிறேன். பிறகு ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கத்தினேன்.

அவர் செபமாலையைப் பார்த்தார்.

"நான் வெளிக்கிட்ட அண்டு, இனி வாசல்படி மிதிக்கக்கூடாது எண்டு நீதானே சொன்னனீ."

வாளியைத் தூக்கி டிரைவ்வேயில் ஊற்றினேன். விறுவிறென்று வீட்டுக்குள் போனேன்.

கதவைச் சாத்தவில்லை. ஹீட்டர் சூடெல்லாம் வெளியே போனது. போகட்டும்.