கேஸ் நிற்குமா?

"செத்தவருக்கு நியாயம் கிடைக்குமாம்மா?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பெரியவர் கேட்டுவிட்டார்.

வக்கீலம்மாவுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. மாடியில் ஆபீஸ் போட்ட நாளிலிருந்து படியேறி வந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்து அறைப் பல் டாக்டரைத் தேடி வந்தவர்கள். மீதிப் பேர் வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரர். ஒருவர் சாவைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும்போது சந்தோஷப்படுவது பாவம்தான். இருந்தாலும் மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டார்.

"உட்காருங்கய்யா. எங்கே, என்ன ஆச்சு?"

"முதியோர் இல்லத்துலம்மா. எழுபத்தெட்டு வயசு. ஆளு நல்லா நடமாடிக்கிட்டுதான் உள்ளே போனார். கண்ணுல வச்சுப் பார்த்துக்குவோம்னு சொன்னாங்க. அப்புறம் தண்ணி கேட்டா கொடுக்க ஆளில்லை. படுத்தே கிடந்து முதுகெல்லாம் புண்ணு. திருப்பிப் போட ஒரு நாதி இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்துட்டார்னு வச்சுக்குங்க."

"அடப்பாவமே! உங்களுக்கு என்ன உறவு?"

"ரொம்ப நெருங்கின உறவு. மனைவி முன்னாடியே தவறிட்டாங்க. ரெண்டு பசங்க."

"பசங்க வரலையா?"

"அவங்களுக்குப் படியேற ஏதும்மா நேரம்? அதான் நான் வந்தேன்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளை மனசுக்குள் நான்கு திட்டு திட்டிவிட்டு வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். படித்ததையெல்லாம் ஒப்பிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார், விடுவாரா?

"அலட்சியத்தால உயிர் போச்சுன்னு போலீஸ்ல புகார் கொடுக்கலாம். காசை வாங்கிட்டு கவனிக்கலைன்னு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். நஷ்ட ஈடு கேட்டுத் தனியா வழக்குப் போடலாம். லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி மேலிடத்துக்கு எழுதலாம். எல்லாப் பக்கமும் சேர்ந்து அடிச்சா, அந்த இல்லத்துக்காரர் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான்!"

"நஷ்ட ஈடு கணிசமா வருமா?"

"வரும். ஆனா கேஸ் நிக்கணுமே! பசங்க அவரை அடிக்கடி போய்ப் பார்த்தாங்களா?"

பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது முக்கியமா?"

"அதுதாங்கய்யா உயிர்நாடி. எதிர்த் தரப்பு வக்கீல் கூண்டுல ஏத்தி முதல்ல கேட்கிறதே, 'அப்பாவைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?'ன்னுதான். தலையைச் சொறிஞ்சா கேஸ் புட்டுக்கும்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்த்திருக்கணும்?"

"வாரா வாரம் வந்திருக்கணும்."

"சட்டத்துல இருக்கா?"

"சட்டத்துல இல்லை. ஜட்ஜ் மனசுல இருக்கும்."

பெரியவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. துக்கத்தோடு வந்த மனுஷன் எதற்கு இப்படிப் பூரித்துப்போகிறார் என்று வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை.

"ஒருத்தன் வந்தா போதுமா? ரெண்டு பேரும் வரணுமா?"

"தனித்தனியா வந்திருந்தா ரெண்டு சாட்சி."

"பேரப் பிள்ளைங்க?"

"பிரமாதம்! குழந்தை அழுதுக்கிட்டே 'தாத்தா பாவம்'னு சொன்னா எந்த ஜட்ஜுதான் கரைய மாட்டார்?"

"வாசல்ல நின்னு கையை ஆட்டிட்டுப் போனா?"

"செல்லாது! பக்கத்துல உட்கார்ந்திருக்கணும். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, எங்கே வலிக்குதுன்னு கேட்டிருக்கணும். முதுகைத் தொட்டுப் பார்த்திருக்கணும். புண்ணு இருந்தா அன்னிக்கே சத்தம் போட்டு, புகார் எழுதிக் கொடுத்திருக்கணும்."

"முதுகைத் தொட்டு..." என்று பெரியவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். வக்கீலம்மாவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்கிட்ட மறைக்காம சொல்லுங்கய்யா. பசங்க அப்படியெல்லாம் வந்தாங்களா?"

"வர மாதிரி தெரியலைம்மா."

"அப்போ சிரமம்தான். இதெல்லாம் அவர் இருந்தப்போ செஞ்சிருக்கணும். இனிமே போய் முதுகைத் தொட முடியுமா?"

வராது வந்த கேஸ் வாசல் வரைக்கும் போய்விட்டது. வக்கீலம்மாவுக்கு விட மனசில்லை. பேனாவைத் திறந்தார்.

"சரி, முயற்சி பண்ணிப் பார்ப்போம். இறந்த தேதியைச் சொல்லுங்க."

"அது இன்னும் வரலைம்மா."

"எது, சர்டிபிகேட்டா?"

"சாவு."

வக்கீலம்மாவின் பேனா காகிதத்திலேயே நின்றுவிட்டது. பெரியவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"என்னைத்தாம்மா இன்னிக்கு அங்கே சேர்க்கப் போறாங்க. பசங்க ரெண்டு பேரும் கீழே கார்ல இருக்காங்க, பாத்ரூம் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு ஏறி வந்தேன். இப்போ சொன்னதையெல்லாம் அப்படியே அவங்க காதுலயும் போட்டுடுங்க. அப்பா கூப்பிட்டா வர மாட்டாங்க, நஷ்ட ஈடுன்னா வாரம் தவறாம வருவாங்க!"